கிழிகாதன் நின்ற கிளை

இராஜபாளையம்
8.6.2025, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான எட்வின் அண்ணனுக்கு,

தங்கை ஷெரின் எழுதுவது. கிருபையால் நானும் உன் மாப்பிள்ளை ஜெபதுரையும் சுகம். அவருக்கு மில்லில் இந்த வாரம் காலை ஷிஃப்ட். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? கொடுத்துவிட்ட தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கிறாயா?

உங்கள் வனத்துறை ஜீப் டிரைவர் சுப்புராஜ் அண்ணன் நாளைக்கு அடிவாரச் சாவடிக்கு அரிசி பருப்பு ஏற்றி வரும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டுவருவார். சாவடிக்கு மேலே மலையில் டவர் இல்லாததும் ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் பேசினால் நீ "ம்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவாய்.

போன வாரம் அவர் என்னிடம் ஒரு நோட்டீஸ் தந்தார். வன உயிரின வாரத்துக்கு, அக்டோபர் 2 முதல் 6 வரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஓவியர் சங்கம் கண்காட்சி வைக்கிறதாம். நம் மலையில் வாழும் மிருகம் ஏதாவது ஒன்றை வரைந்து யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். செப்டம்பர் 26 கடைசி நாள். சிரிக்காதே, நான் கொடுக்கப் போகிறேன்.

ஆர்ட் ஜர்னல் என்று ஒன்று இருக்கிறது. தடித்த தாள் போட்ட நோட்டு. அதில் வண்ணம் மட்டும் இல்லை. துணி, நூல், பழைய காகிதம், மரப்பட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டி அதன்மேல் வரையலாம். மிக்ஸ்டு மீடியா என்கிறார்கள். போனில் பார்த்துப் பார்த்து எனக்குக் கை பரபரக்கிறது. நோட்டு வாங்கிவிட்டேன். விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். உங்கள் சாம்பல் மலை அணில்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததும், பெட்டி கட்டிய அதே வாரம் அப்பா கை கால் விழுந்து படுத்ததும் உனக்குத் தெரியாததா? கட்டிய பெட்டியைப் பிரித்து, பேண்டேஜ் கம்பெனிக்குப் போனேன். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு எத்தனை படம் ஆரம்பித்தேனோ, ஒன்றையும் முடித்ததில்லை. இதையும் பாதியில் விட்டால் இனிமேல் பென்சிலைத் தொடமாட்டேன். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்த அணிலை நான் நின்று பார்த்ததே இல்லை. நீ பார்க்கிறாய். எழுது.

அன்புத் தங்கை,
ஷெரின்


செண்பகத்தோப்பு
16.6.2025

அன்புள்ள ஷெரினுக்கு,

அண்ணன் எட்வின். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. முட்டுவலி பரவாயில்லை. தைலத்தை என்னோடு முகாமில் இருக்கிற வேலுசாமி தேய்க்கிறான், அவனுக்கும் முட்டு உண்டு.

உன் கடிதத்தை முகாமில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பென்சிலைத் தொடமாட்டேன் என்ற பாராவை மட்டும் விட்டுவிட்டேன். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஐந்து பேரும் சேர்ந்து அணிலைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். "சாதா அணிலக் கொஞ்சம் பெருசாப் போட்டா முடிஞ்சு போச்சுல்லா" என்றான் வேலுசாமி. "ஏலே, முதுகில மூணு கோடு போட்டுத் தொலச்சிராதன்னு அவகிட்ட நான் மொதல்ல சொல்லணும்" என்றேன். ஆகவே முதல் விஷயம்: கோடு கிடையாது.

உடம்பு முக்கால் முழம் இருக்கும். வால் அதைவிட நீளம். மூக்கு ரோஸ் நிறம். காது நுனியில் குச்சமாக மயிர். உடம்பு சாம்பலும் பழுப்பும் கலந்தது, ஆனால் ஒவ்வொரு மயிரின் நுனியும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் மாவு மில்லில் வேலை முடித்து வந்தவன் தலை மாதிரி தெரியும்.

நீ பொதுவாக ஓர் அணிலை வரையாதே. ஒருத்தனை வரை. கீழே சாவடி வாசலில் ஒரு மருதமரம் இருக்கிறது. மேல் முகாமிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து நாங்கள் சாமான் எடுக்க இறங்குகிற திங்கள்கிழமையெல்லாம் அங்கே ஒருத்தனைப் பார்ப்பேன். இடது காது கிழிந்திருக்கும். கிழிகாதன் என்று பேர் வைத்திருக்கிறோம். நம் அப்பா மாதிரியே, யார் வந்தாலும் மேலிருந்து அதட்டுவான்.

மருதம்பட்டை கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன், தானாக உதிர்ந்தது. மரத்தில் கை வைக்கவில்லை.

பாதியில் விடாதே. நீ வரைவாய் என்று நாலு பேரிடம் பெருமை அடித்துவிட்டேன்.

உன் அண்ணன்,
எட்வின்


இராஜபாளையம்
6.7.2025

அன்பு அண்ணனுக்கு வாழ்த்துதலுடன் எழுதுவது,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் அவமானம். அதைச் சொல்லத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

பட்டை கிடைத்தது. அதே மாதிரி மேடு பள்ளமாக நோட்டில் ஒரு மரம் எழுப்ப வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு மூளை அதிகம் அல்லவா? கம்பெனியில் கழித்துப் போட்ட மாவுக்கட்டு ரோல் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். எலும்பு முறிந்தால் போடுவார்களே, அதே பேண்டேஜ்தான். நனைத்து இரண்டு பக்கத்திலும் மரம் மாதிரி நெளித்து நெளித்து ஒட்டினேன். பார்க்க அப்படி ஒரு அழகு. "ஏட்டி, நெசமாவே மரம் மாதிரில்லா இருக்கு!" என்றார் உன் மாப்பிள்ளை. நான் கர்வத்தோடு டீ போடப் போனேன்.

திரும்பி வந்தால் நோட்டு கல்.

அண்ணா, அந்த ரோலைத் தண்ணீரில் நனைத்து, எத்தனை நிமிஷத்தில் இறுகுகிறது என்று கடிகாரம் பார்ப்பதுதான் என் வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். சரியாக இறுகினால் ரோஸ் சீட்டு ஒன்றில் என் 17-ஆம் நம்பர் முத்திரையைக் குத்திப் பெட்டிக்குள் போடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டில் அதையே நோட்டில் ஒட்டிவிட்டு, மூடலாம் என்று நினைத்தேன் பார்!

மூடவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. கத்தி வைத்து அந்த இரண்டு பக்கத்தையும் அறுத்தெடுத்தேன். உன் மாப்பிள்ளை அதைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அதன்மேல்தான் எங்கள் குழம்புச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. கம்பெனியில் மாரீஸ்வரியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பாக்கிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை வெறும் காஸ் துணி, புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணி. அடியில் பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, வெள்ளை பெயிண்ட் பூசி, அதன்மேல் காஸை ஃபெவிகாலில் முக்கிச் சுருக்கிச் சுருக்கி ஒட்டுகிறேன். காய்ந்தபின் டீத்தூள் தண்ணீர் தடவினால் பட்டை நிறம் வருகிறது. இது மூடும்.

மயிர் விஷயம்தான் பிடிபடவில்லை. ப்ரஷ்ஷால் வெள்ளைப் புள்ளி வைத்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

உன் முட்டுக்கு ஜெபிக்கிறேன்.

ஷெரின்


செண்பகத்தோப்பு
14.7.2025

அன்பான தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க அண்ணனின் பிரார்த்தனை. உன் கடிதத்தை இந்த முறை ஒரு வரி விடாமல் வாசித்தேன். சிரித்த சத்தத்தில் கிழிகாதனே கூட்டுக்குள் போய்விட்டான்.

சட்டி வைக்கிற அந்த மரத்தைப் பத்திரமாக வைத்திரு. நீ பெரிய ஆளானபின் அதற்கும் ஒரு மரியாதை வரும்.

மயிர்: அது புள்ளி இல்லை ஷெரின். நீட்டம். அடியில் கறுப்பு, நடுவில் பழுப்பு, நுனி மட்டும் வெள்ளை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். காற்று அடித்தால் உடம்பு முழுவதும் நிறம் மாறுகிற மாதிரி தெரியும். எனக்கு வரையத் தெரியாது. பார்த்ததைச் சொல்லிவிட்டேன், மிச்சம் உன் பாடு.

அப்பா படுத்திருந்தபோது நீ காலண்டர் பின்பக்கம் அவர் கையை மட்டும் வரைந்தாயே, அந்தத் தாள் என் பைபிளுக்குள் இருக்கிறது. உனக்குத் தெரியாது. அதிலும் நீ விரல் நகம் போடவில்லை.

இந்தத் தடவை நகம் வரைக்கும் போட்டு முடி.

எட்வின்


இராஜபாளையம்
3.8.2025

கர்த்தரின் சமாதானம் உன்னோடிருக்க வேண்டி, அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி? இரண்டு திங்கள்கிழமை சுப்புராஜ் அண்ணன் வெறுங்கையோடு வந்தார். "வேல ஜாஸ்திம்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போகிறார். அப்படி என்ன வேலை?

நல்ல செய்தி. மயிர் பிடிபட்டுவிட்டது! காஸ் துணியின் ஓரத்தில் ஒவ்வொரு நூலாக உருவினேன். வெட்டி, பாதிவரைக்கும் கறுப்பும் பழுப்பும் முக்கி, நுனியை வெள்ளையாகவே விட்டு, இடுக்கியால் பிடித்து ஒன்றொன்றாக ஒட்டுகிறேன். நீ சொன்னபடி தனித்தனியாக நிற்கிறது. ஊதினால் அசைகிறது, அண்ணா! என் கையால் செய்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம்தான் முடிகிறது. முதுகும் ஒரு தோளும் ஆகிவிட்டது.

வருகிற பத்தாம் தேதி நம் சபையில் அசனம். வருஷம் தவறாமல் நீதானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றுவாய்? வந்து சாப்பிட்டு, நோட்டையும் பார்த்துவிட்டுப் போ. பின்னங்கால் எப்படிப் பிடிக்கும், பாதத்தின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். மருத இலையும் ஆறேழு கொண்டுவா.

எதிர்பார்க்கும்,
ஷெரின்


இராஜபாளையம்
17.8.2025

அண்ணனுக்கு,

சுகம். அசனத்துக்கு நீ வரவில்லை. சாம்பார் வாளியை இந்த வருஷம் வேறு யாரோ தூக்கினார்கள். எல்லாரும் கேட்டார்கள், "எட்வின் எங்க? அவிய வராம அசனமா?" என்று. காட்டில் வேலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்னங்கால் இல்லாமல் அணில் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு மாதமாக உன் எழுத்து இல்லை. வரைவாய் வரைவாய் என்று ஏற்றிவிட்டு நீ இறங்கிக்கொண்டாயா?

ஷெரின்


செண்பகத்தோப்பு
25.8.2025

அன்புத் தங்கை ஷெரினுக்கு,

கோபம் நியாயம்தான். நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன்.

இங்கே மழை. ஓடையில் போன் விழுந்துவிட்டது. என்னைக் கொஞ்ச நாளைக்குக் கீழே சாவடியிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை. லீவு கிடைக்காது, ஆள் பார்க்கவும் விடமாட்டார்கள். நீ வரவேண்டாம்.

ஆனால் உனக்கு நல்ல காலம். கிழிகாதனை நாள் முழுக்கப் பார்க்கிறேன். காலையில் ஆறே முக்காலுக்குக் கூட்டை விட்டு வெளியே வருகிறான். வந்ததும் தீனி தேடுவதில்லை. கிளையில் குப்புறப் படுத்து நாலு காலையும் தொங்கவிட்டு வெயில் காய்கிறான். எட்டு மணிக்குப் புளியமரம். பதினொன்றுக்குத் திரும்பி வந்து தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி இறங்குவான். நடுவில் யார் வந்தாலும் ஒரு அதட்டல்.

நீ கேட்ட பின்னங்கால்: கிளையை இரண்டு பின்னங்காலாலும் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குவான். முன்னங்கை இரண்டிலும் புளியங்காய். ஒரு கால் நழுவினாலும் இன்னொன்று விடாது. நகம் வளைந்து பட்டைக்குள் இறங்கியிருக்கும். பாதத்தின் அடி கறுப்பு, ரப்பர் செருப்பு மாதிரி தடிப்பு. அவன் உயிர் அந்தப் பின்னங்காலில்தான் இருக்கிறது. அதை மட்டும் நன்றாகப் போட்டுவிடு.

என் டைரிக்குள் வைத்து அழுத்திய மருத இலை ஆறு இதோடு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அன்பு.

எட்வின்


செண்பகத்தோப்பு
28.8.2025

ஷெரினுக்கு,

நலமறிய ஆவல். அவசரமாக ஒன்று, ஊருக்கு இறங்குகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். இலையோடு வேறு காகிதம் எதுவும் வந்ததா? சின்னத் துண்டுதான். ஆபீஸ் சமாச்சாரம். இருந்தால் பார்க்காமல் சுப்புராஜிடமே கொடுத்துவிடு.

எட்வின்


இராஜபாளையம்
1.9.2025, திங்கள்

என் அன்பு அண்ணனுக்கு,

சமாதானம். இலை ஆறும் பத்திரமாக வந்தன. வேறு காகிதம் எதுவும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மனதில் வைக்காதே. நீ அங்கேயே இரு, வர வேண்டும் என்று அவசரப்படாதே. எனக்கும் நோட்டு வேலை மலையாகக் கிடக்கிறது.

சுப்புராஜ் அண்ணனிடம் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் கொடுத்துவிட்டிருக்கிறேன். இரண்டையும் நீயே சாப்பிட வேண்டும், வேலுசாமிக்குக் கொடுக்கக் கூடாது. மழைக்காலம் அல்லவா, அதனால்தான். உட்கார்ந்தே இருந்தால் முதுகு பிடிக்கும் என்று ஒரு தலையணையும் இருக்கிறது. முதுகுக்குத்தான் என்று இல்லை, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

பின்னங்கால் போட ஆரம்பித்துவிட்டேன். நீ எழுதியதை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாக.

உன் நினைவாகவே இருக்கும்,
ஷெரின்


செண்பகத்தோப்பு
14.9.2025, ஞாயிறு

அன்பான ஷெரினுக்கு,

நான் சுகம், அளவுக்கு மீறிச் சுகம். இது வரைக்கும் ஒன்பது தூக்குச் சூப் வந்திருக்கிறது. ஜீப் திங்கள்கிழமைதானே வரும்? சுப்புராஜ் வாரத்துக்கு நாலு தடவை பைக்கில் வந்து நிற்கிறார். என்னவென்று கேட்டால், "ஒங்க தங்கச்சிகிட்டப் போயிக் கேளுங்க, நா வெறும் டிரைவர்" என்கிறார். பிரண்டை தின்று தின்று நாக்கு அரிக்கிறது. மழைக்கும் பிரண்டைக்கும் என்ன சம்பந்தம்?

படம் எவ்வளவு தூரம்? இன்னும் பன்னிரண்டு நாள்தான். நீ இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை. ஏன் வரவில்லை, ஏன் போன் வாங்கவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்காமல் இருக்கச் சொன்னவன் நான்தான். ஆனாலும் நீ கேட்காதது ஒரு மாதிரி இருக்கிறது.

போன ஞாயிறு ஒரு வேடிக்கை. மூன்று மணி இருக்கும். கிழிகாதன் திடீரென்று வாலை வெட்டி வெட்டி ஊரைக் கூட்டினான். சிறுத்தைக்குத்தான் அப்படிக் கத்துவான். தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். எதிரே மாமரத்துக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சேலை முந்தி தெரிந்த மாதிரியும் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் அடங்கிவிட்டான். மலைக்கோயிலுக்குப் போகிற ஆளாக இருக்கும்.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. படத்தைக் கொடுத்தபிறகு சொல்கிறேன்.

எட்வின்


இராஜபாளையம்
24.9.2025

அண்ணா,

முதலில் படத்தைப் பார். பார்த்தபிறகுதான் இந்தக் கடிதத்தைப் பிரிக்க வேண்டும். சுப்புராஜ் அண்ணனிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்து முடித்ததும் அவர் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நோட்டைக் கொடுத்துவிடுவார். நோட்டு இந்தத் தடவையும் மூடவில்லை. இலை, பட்டை, நூல் எல்லாம் சேர்ந்து வீங்கிவிட்டது. அதனால் காஸ் ரோல் ஒன்றைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பார்த்தாயா? முடித்துவிட்டேன். கண், மூக்கு, கிழிந்த காது, பதினெட்டு நகம். எண்ணிக்கொள். நேற்று கடைசி நகத்தைப் போட்டுவிட்டு ப்ரஷ்ஷைக் கழுவினேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கழுவியபிறகு மறுபடி அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் கழுவினேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும், ரொம்பவே பெருமையாக இருக்கிறது.

பின்னங்கால் ஊன்றிய கிளையைப் பார்த்தாயா? டீத்தண்ணீருக்கு அடியில் ரோஸ் நிறம் தெரியும். நீ தேடிய காகிதம் அதுதான்.

மூன்றாவது இலைக்கும் நாலாவது இலைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜூலை 9 தேதி, மாவுக்கட்டு ரோல், நம்பர் 17. என் கையால் குத்திய முத்திரை எனக்குத் தெரியாதா? ஜூலையில் நான் பாஸ் செய்த பெட்டியின் சீட்டு, காட்டுக்குள் இருக்கிறவன் டைரிக்கு எப்படி வரும்? கையெழுத்துக் கோணல், உட்கார்ந்த வேலை, அசனத்துக்கு வராதது எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. சுப்புராஜ் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். பாவம், ஐந்து நிமிஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை.

உடனே ஓடி வந்திருக்க வேண்டும். அந்த நிமிஷமே நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, பைக்குள் சேலையைத் திணித்தேன். உன் மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "போ. நான் தடுக்கல. ஆனா அவன் எதுக்கு மறச்சான்னு செத்த நேரம் யோசிச்சிட்டுப் போ" என்றார்.

யோசித்தேன். சொன்னால் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்தாய். பயந்தது சரிதான். அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். அப்பாவுக்கு உட்கார்ந்ததை நான் தப்பென்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் நீ முறிந்த காலோடு தினமும் எனக்காக அந்த மரத்தையே பார்த்து எழுதியிருக்கிறாய். அதை வீணாக்கிவிட்டு வந்தால் உனக்குச் செய்கிற உதவியா அது? சூப்பு அனுப்பலாம், பிரண்டை அரைக்கலாம், நகம் போடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஏழாம் தேதி ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தேன். மாமரத்துக்குப் பின்னால் நின்றது நான்தான். நீ பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை நீட்டி, என் தலையணையை அடியில் வைத்து, மடியில் அட்டையோடு எழுதிக்கொண்டிருந்தாய். இரண்டு வரி எழுதுவாய், மரத்தைப் பார்ப்பாய், மறுபடி எழுதுவாய். கிழிகாதன் என்னைப் பார்த்துக் கத்தினான். அவனை அன்றுதான் நேரில் பார்த்தேன். நீ எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

கூப்பிட வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இப்போது சொல். வலி எப்படி இருக்கிறது?

உன் தங்கை,
ஷெரின்


ஸ்ரீவில்லிபுத்தூர், கண்காட்சி மண்டபம்
4.10.2025, சனி

என் ஷெரினுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணனின் அன்பும் வாழ்த்தும். வலி இல்லை. 29-ஆம் தேதி கட்டுப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடக்கிறேன். சுப்புராஜிடம் அந்தக் கடிதத்துக்குப் பதில் கொடுத்தனுப்ப நாலு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்றைக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நான் நகத்தை மறுபடி மறுபடி எண்ணியதைப் பார்த்து, "நல்லா இல்லியாண்ணே?" என்று அவர் பயந்துவிட்டார்.

போன் மட்டும் ஓடையில் விழுந்ததாக எழுதினேன். நானும்தான் விழுந்தேன். ஜூலை 22, ரோந்து போகும்போது பாறை உருண்டது. வேலுசாமியும் மற்றவர்களும் கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடப் புதுப் பெட்டியைப் பிரித்தபோது ரோஸ் சீட்டு ஒன்று கீழே விழுந்தது. 17. வலியில் கத்திக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். "இது என் தங்கச்சி பாத்த கட்டு, நல்லா இறுகும், பயப்படாமப் போடுங்க" என்றேன். கட்டுப் போட்ட அம்மா, மயக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருக்கும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி டைரிக்குள் வைத்தேன். அதே டைரியில் இலையை அழுத்தினால் இப்படித்தான் ஆகும்.

புதுப் போன் வாங்காததும் உன்னிடம் இதை மறைக்கத்தான். என் "ம்" ஒன்று போதும், நீ கண்டுபிடித்துவிடுவாய்.

இப்போது கண்காட்சி. பரிசு மூன்றும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டு மூடாததால் சுவரில் மாட்ட முடியாமல் வாசல் பக்கம் மேஜையில் விரித்து வைத்திருக்கிறார்கள். நான் மூன்று நாளாகப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொடக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது, ஆனால் எல்லாரும் குனிந்து ஊதிப் பார்க்கிறார்கள். மயிர் அசைகிறது. அவர்கள் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

தேர்வுக் குழுவில் ஒருவர் வந்து, "அணில் உசுரோட இருக்கு. ஆனா கிளையில எதுக்குங்க கம்பெனிச் சீட்டு? அது மட்டும் இல்லேன்னா பரிசு வந்திருக்கும்" என்றார். நான் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். "ஐயா, இந்தக் கால் நிக்கிறதே அந்தச் சீட்டுலதான். அதில குத்தியிருக்கிற நம்பர் என் தங்கச்சியோடது. படமும் அவதான்" என்றேன். அவர் மறுபடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று உன் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வேறு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தி குனிந்து பார்த்தவள் அப்படியே நிமிர்ந்து, "ஏட்டி, இது நம்ம காஸ் நூலுல்லா! எம்புட்டு நூல உருவியிருக்கா பாரு!" என்று சத்தம் போட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வந்த பெருமையைப் பார்த்து, அவள்தான் வரைந்தவள் என்று ரெண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். நான் எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, இல்லை இல்லை, வரைந்தது என் தங்கச்சி ஷெரின், இராஜபாளையம், வேலை பார்க்கிற இடத்தில் அவள் நம்பர் பதினேழு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பா இருந்திருந்தால் இதைவிடச் சத்தமாகச் சொல்லியிருப்பார்.

பிரித்த மாவுக்கட்டில் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். சுத்தம் செய்தாயிற்று. அடுத்த பக்கத்துக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். ஏற்கெனவே இறுகியது, இனி நோட்டைக் கல்லாக்காது.

நாளைக்கு ஞாயிறு, உனக்கு லீவு. ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையோடு பஸ் ஏறு. வாசலிலேயே நிற்பேன். இங்கே ஒளிந்து நிற்க மாமரம் இல்லை. நேரே நடுவாசல் வழியாக வா, எல்லாரும் பார்க்க.

உன் அண்ணன்,
எட்வின்